மாடு செத்தது... பூச்சி பிழைத்தது!



போன இதழில் குச்சிக்கிழங்குக் கட்லெட் எழுதியிருந்தேன் அல்லவா? (மரவள்ளிக் கிழங்கைத்தான் எங்கள் தர்மபுரிப் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம்.) அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "அந்தக் கிழங்கிலே விஷம் இருக்கிறது என்கிறார்களே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை எங்கள் தக்காளித் தோட்டத்துக்கும், வீட்டுப் பரணுக்கும், கடைசியில் என் பேரன் தூங்குகிற தூளிக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் இந்தத் தடவை சமையல் குறிப்பு கொஞ்சம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பென்னாகரம் பக்கத்தில் என் பிறந்த ஊர். கிழங்கு பிடுங்குகிற சமயம். குச்சியை வெட்டிக் கட்டி வைத்துவிட்டு, தழையை வரப்போரமாகக் குவித்திருந்தார்கள். எங்கள் செவலைப் பசு எப்படியோ கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் அந்தத் தழையை வயிறு முட்டத் தின்றுவிட்டது. அரை மணி நேரம்கூட இருக்காது. மூச்சு வாங்கியது, வாயில் நுரை தள்ளியது, கால் பின்னிக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டது. மாட்டு டாக்டரைக் கூப்பிட சைக்கிளில் போனவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கறவை மாடு. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

நான் அந்தத் தழைக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியிலே மாவு தூவினாற்போல வெள்ளை ஈ. தொட்டதும் பொலபொலவென்று பறக்கிறது. "ஏம்ப்பா, இதைத் தின்னு மாடு செத்துப்போச்சே, இந்தப் பூச்சி மட்டும் ஏன் சாகல?" என்று அப்பாவைக் கேட்டேன். அவர் இருந்த துக்கத்தில், "அது அதுக்கு எழுதினது அப்படி, போம்மா" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு முப்பத்தேழு வருஷம் ஆயிற்று. சொன்னது என் அக்கா மகள். பி.எஸ்ஸி. அக்ரி படித்தவள். ஹைஸ்கூலோடு நின்ற எனக்குப் புரிகிற மாதிரி அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். நானும் அதே மாதிரி உங்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

குச்சிக்கிழங்கிலும் அதன் தழையிலும் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. சயனைடு விஷத்தைச் சர்க்கரையோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்தது மாதிரி. மூட்டை கட்டியபடி இருக்கிறவரை செடிக்கு ஆபத்தில்லை. அந்த மூட்டையை அவிழ்க்கிற என்ஸைம் ஒன்றையும் செடியே வைத்திருக்கிறது. ஆனால் வேறு அறையில்! மாடு மெல்லும்போது சுவர் இடிந்து இரண்டும் கலந்துவிடுகிறது. உடனே சயனைடு வெளியே வருகிறது. புதுத் தூறல் பட்டுத் துளிர்த்த இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு சாகிறதே, அதுவும் இதே கதைதான்.

என்ஸைம் என்றால் என்ன என்கிறீர்களா? தமிழில் நொதி என்று புத்தகத்தில் போடுகிறார்கள். வெறும் சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். உமிழ்நீரில் உள்ள ஒரு என்ஸைம் மாவுச் சத்தைச் சர்க்கரையாக வெட்டிவிடுகிறது. தான் கரையாமல், தீராமல், ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிற வேலைக்காரன், அவ்வளவுதான். சயனைடுக்கும் அப்படி ஒரு வேலைக்காரன் நம் கல்லீரலில் இருக்கிறான். பெயர் ரோடனேஸ். அவன் சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, அவ்வளவாகக் கெடுதல் இல்லாத பொருளாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுவான். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் சமாளிப்பான். எங்கள் செவலைக்கு வந்த மாதிரி ஒரேயடியாக வந்தால் திணறிவிடுவான். மாட்டு டாக்டர் நேரத்துக்கு வந்துவிட்டால் தயோசல்ஃபேட் ஊசி போடுகிறாரே, அது அந்த வேலைக்காரனுக்குக் கந்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைதான்.

இப்போது அந்தச் சகோதரிக்குப் பதில். தோலைத் தடிமனாகச் சீவி, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சயனைடு ஆவியோடும் தண்ணீரோடும் போய்விடும். கசக்கிற கிழங்கு வேண்டவே வேண்டாம். அது ஜவ்வரிசி மில்லுக்குப் போகட்டும். பச்சைக் கிழங்கை யாரும் கடிக்கக் கூடாது. ரோடனேஸுக்கு வேண்டிய கந்தகம் புரதச் சத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே வெறும் கிழங்கால் வயிற்றை நிரப்பாமல் பருப்போ முட்டையோ மோரோ கூடச் சேருங்கள். கேரளத்தில் கப்பையும் மீனும் ஜோடி சேர்ந்தது நாக்குக்கு மட்டும் நல்லதல்ல! என் பேரனுக்கு ஒரு வயது முடிகிறவரை கொடுப்பதாக இல்லை.

வெள்ளை ஈக்கு வருவோம். அது மாடு மாதிரி மெல்லுவதில்லை. முடியைவிட மெல்லிய ஊசி மாதிரி வாயால் இலையின் சாறு ஓடுகிற குழாயில் நேராகக் குத்தி உறிஞ்சுகிறது. சுவர் இடிவதில்லை. அப்படியும் சாறோடு லினமாரின் உள்ளே போகத்தானே செய்யும்? அங்கேதான் வேடிக்கை. அந்த மூட்டையின்மேல் இன்னும் கொஞ்சம் சர்க்கரையை ஒட்டி, அவிழ்க்க முடியாதபடி செய்துவிடுகிறது. அதையும் தாண்டிக் கசிகிற சயனைடை இன்னொரு என்ஸைம் பிடித்து, உடம்புக்கு ஆகாரமாகிற அமினோ அமிலமாக மாற்றிவிடுகிறது. என் பசுவைக் கொன்ற விஷம் அதற்குச் சாப்பாடு!

"சித்தி, செடிக்கு ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது. விஷம் ஒண்ணுதான் அதோட ஆயுதம். பூச்சிக்கும் செடிக்கும் இந்தச் சண்டை கோடிக்கணக்கான வருஷமா நடக்குது" என்றாள் என் அக்கா மகள். 2021ல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஒரு விஷயத்தையும் சொன்னாள். தக்காளி போன்ற செடிகளில் இருக்கிற ஒருவகை விஷத்தைச் செயலிழக்க வைக்கிற என்ஸைமை வெள்ளை ஈ தானாகச் செய்யக் கற்றுக்கொள்ளவில்லையாம். செடிகள் தங்கள் விஷம் தங்களையே தாக்காமல் இருக்க வைத்திருந்த சூத்திரத்தை, சுமார் மூன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் எப்படியோ அப்படியே லவட்டிக்கொண்டு வந்துவிட்டதாம்! அந்தத் திருட்டுச் சூத்திரத்தை வேலை செய்யவிடாமல் தடுக்கிற மாதிரி ஒரு தக்காளிச் செடியை அவர்கள் உண்டாக்கிப் பார்த்தார்கள். அதைக் குடித்த வெள்ளை ஈ அநேகமாக எல்லாமே செத்துப்போயிற்று. வீட்டுக்காரரின் சாவியை நகல் எடுத்து வைத்துக்கொண்ட திருடனைப் பற்றிக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இதில் நம் வீட்டுப் பாடு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். இனிமேல்தான் வருகிறது.

நான் வாழ்க்கைப்பட்டது பாலக்கோடு பக்கம். தக்காளி தெரியுமே, அந்தப் பாலக்கோடு. என் வீட்டுக்காரர் முக்கால் ஏக்கரில் தக்காளி போடுகிறார். மூன்று வருஷமாக வெள்ளை ஈ, அதனால் இலைச்சுருட்டை. டாங்க்குக்கு ஒரு மூடி மருந்து ஊற்றச் சொல்லியிருந்தால் இவர் இரண்டு மூடி ஊற்றுவார். அதிலும் கேட்கவில்லை என்றால் வேறு ஒரு மருந்தையும் சேர்த்துக் கலக்குவார். (விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! பெயரில் பாதி பயம் போய்விடுகிறது.) அடித்த மறுநாள் தோட்டம் துடைத்த மாதிரி இருக்கும். பத்தாம் நாள் பார்த்தால் முன்னைவிட இரண்டு பங்கு.

"மருந்துலயே கலப்படம்" என்று கடைக்காரரைத் திட்டுவார். சில சமயம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் பாட்டிலுக்குள் இல்லை, பூச்சியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கொசுவத்தியில் இருக்கிற மருந்து எதைப் பார்த்துச் செய்தது? சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் விஷத்தைப் பார்த்து. தக்காளிக்கும் பருத்திக்கும் அடிக்கிற இமிடாக்ளோபிரிட்? அது நரம்பைத் தாக்குகிற விதம் புகையிலையின் நிக்கோட்டின் தாக்குகிற அதே விதம். நாம் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று நினைக்கிறோம். பூச்சிக்கு அது பழைய பகையாளியின் சாயல். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 2013ல் ஒரு அசுவினியைப் பற்றி எழுதினார்கள். புகையிலைச் செடியில் குடியேறிப் பிழைப்பதற்காக நிக்கோட்டினை உடைக்கிற என்ஸைமை ஏராளமாகச் செய்யப் பழகிய அசுவினி அது. அந்த என்ஸைமே நிக்கோட்டினைப் போல நாம் செய்த மருந்துகளையும் உடைத்துத் தள்ளுகிறது. நாம் பாட்டிலைத் திறக்கும் முன்பே அது தயாராக உட்கார்ந்திருந்தது!

எப்படி உடைக்கிறது? எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியை வெறும் தண்ணீரில் கழுவினால் போகுமா? சீயக்காயோ சோப்போ போட்டால்தான் பிசுக்கு தண்ணீரோடு சேர்ந்து ஓடும். இந்த விஷங்களும் அநேகமாக எண்ணெய்க் குணம் உள்ளவை. கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், சிறுநீரில் போகாது. அதனால் உடம்பு முதலில் அதன்மேல் கொஞ்சம் ஆக்ஸிஜனை ஏற்றி, தண்ணீரோடு ஒட்டுகிற குணத்தைக் கொண்டுவருகிறது. இதைச் செய்கிற என்ஸைம் கூட்டத்துக்கு பி-450 என்று பெயர். எஸ்டரேஸ் என்கிற இன்னொரு கூட்டம் விஷத்தை நடுவில் வெட்டுகிறது. மூன்றாவது கூட்டம் குளுட்டாதயோன் என்ற ஒன்றை அதன் முதுகில் கட்டிவிட்டு வாசலுக்கு அனுப்புகிறது. பூச்சிக்குக் குடலிலும் கொழுப்புத் திசுவிலும் இந்த வேலை நடக்கிறது. நமக்குப் பெரும்பாலும் கல்லீரலில். அதே பி-450 குடும்பம்தான் நமக்கும். தலைவலிக்கு மாத்திரை போட்டால் சில மணி நேரத்தில் அதன் வேகம் தீர்ந்துபோவதும் இந்த மாதிரி என்ஸைம்களின் வேலைதான்.

மனிதருக்கு பி-450 வகை 57. தேனீக்கு 46. நம் வீட்டுச் சாக்கடையில் முட்டையிடுகிற கொசுவுக்கோ 190க்கு மேல்! கேட்டதும் நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டு மூடி ஊற்றினால் என்ன ஆகிறது என்று இப்போது பாருங்கள். தோட்டத்தில் லட்சம் வெள்ளை ஈ இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பலம் இருக்காது. ஏதோ நூறுக்கு அந்த என்ஸைம் கொஞ்சம் அதிகமாகச் சுரக்கும். மற்றதெல்லாம் சாகும், அந்த நூறு பிழைக்கும். போட்டிக்கு ஆள் இல்லாத தோட்டத்தில் அந்த நூறும் குடும்பம் நடத்தும். பிள்ளைகளெல்லாம் அதே பலத்தோடு பிறக்கும். அடுத்த தடவை மூன்று மூடி. மருந்து பூச்சிக்குப் பலம் கொடுப்பதில்லை. பலசாலியை மட்டும் விட்டுவைக்கிறது.

இது என் வீட்டுக்காரர் ஒருவரின் தப்பு அல்ல. நாடே இதில் அடிபட்டிருக்கிறது. என் பாட்டி சொல்வாள், சுண்ணாம்பு அடித்த சுவரில் எல்லாம் வந்து டி.டி.டி. அடித்துவிட்டுப் போவார்களாம். மலேரியாவை ஒழிக்க 1958ல் பெரிய திட்டம் போட்டார்கள். 1961ல் இந்தியா முழுவதும் சேர்த்தே மலேரியா சுமார் 50 ஆயிரம் பேருக்குத்தான் என்று ஆயிற்று. சந்தோஷப்பட்டுக் கையைக் கட்டியதும், 1976ல் 64 லட்சம்! மருந்து அடிப்பதில் தளர்ச்சி, பணமுடை என்று பல காரணம். அதில் ஒன்று, டி.டி.டி.யைத் தாங்கிக்கொள்கிற கொசு பெருகியது. டி.டி.டி.யிலிருந்து ஒரே ஒரு குளோரினை மட்டும் கழற்றி எறிந்து அதைச் செத்த பாம்பாக்கிவிடுகிற என்ஸைமை முதலில் ஈயிடமும் பிறகு கொசுவிடமும் கண்டார்கள். 1987ல் ஆந்திராவில் பருத்திக் காய்ப்புழு அப்படித்தான். பருத்தியில் காஸிபால் என்ற விஷம் உண்டு. அதைத் தின்றே வளர்ந்த புழு, எந்த மருந்துக்கும் மசியவில்லை. குண்டூர், பிரகாசம் பக்கமெல்லாம் திரும்பத் திரும்ப அடித்து, கடன் ஏறி, விவசாயிகள் உயிரை விட்டார்கள். அடித்த பாட்டிலையே குடித்தவர்களும் உண்டு. அந்தச் செய்தியை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு சின்ன இடைவேளை, நல்லெண்ணெய்ச் சமாசாரம். 1940ல் அமெரிக்காவில் பூச்சி மருந்தோடு பல எண்ணெய்களைக் கலந்து பார்த்தார்களாம். நல்லெண்ணெய் கலந்தபோது மட்டும் மருந்தின் வேகம் மளமளவென்று ஏறியது. எள்ளில் உள்ள செஸமின் என்ற பொருள் பூச்சியின் பி-450யைக் கட்டிப்போட்டுவிடுகிறது. வேலைக்காரன் கட்டுண்டால் விஷம் உடைபடாது. அதைப் பின்பற்றி பைபெரோனில் பியூடாக்ஸைடு என்று ஒன்றைச் செய்தார்கள். மருந்துக்கு அசையாத மலேரியாக் கொசு உள்ள நாடுகளில் அது தோய்த்த கொசுவலையை உலக சுகாதார நிறுவனம் 2017லிருந்து சிபாரிசு செய்கிறது. (அதற்காக நீங்கள் நல்லெண்ணெயைக் கரப்பானுக்கு ஊற்றி வீணாக்காதீர்கள், விற்கிற விலைக்கு!)

நம் மிளகுக்கும் இந்த வித்தை தெரியும். மிளகின் பைப்பரின் நம் உடம்பில் உள்ள இந்த மாதிரி என்ஸைம்களை மந்தப்படுத்தும். 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். மஞ்சளில் உள்ள குர்குமினை மட்டும் கொடுத்தால் ரத்தத்தில் சேர்வதே அபூர்வம். கூட 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இருபது மடங்கு சேர்ந்தது. பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்ட நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியில் படித்தார்களோ! ஆனால் ஒரு எச்சரிக்கை: வலிப்பு, இருதயம், ரத்தம் உறையாமை என்று தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கடையில் விற்கிற மிளகுச்சத்து மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மாத்திரையை உடைக்கிற என்ஸைம் தூங்கிவிட்டால் மாத்திரை உடம்பில் கூடிவிடும். ரசத்தில் போடுகிற மிளகைச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

சரி, பேரன் கதைக்கு வருகிறேன். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பையன் பிறந்து நாற்பது நாள். அன்று மத்தியானம் தோட்டத்தில் மருந்து அடிக்க வந்த பையன் வெயிலில், முகத்தில் துணிகூடக் கட்டாமல் அடித்திருக்கிறான். வாயில் எச்சில் ஊற, கண்ணில் நீர் வடிய, வேர்த்து விறுவிறுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டான். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பாட்டிலைப் பார்த்ததால் டாக்டருக்கு என்ன ஊசி என்று உடனே தெரிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான், கடவுள் புண்ணியம். (இந்த மாதிரி சமயத்தில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.)

அன்று இரவு என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். அலைந்த அலைச்சலில் கைகால்கூடக் கழுவவில்லை. தோளில் மருந்து நனைந்த துண்டு. நேராகத் தூளிக்குப் போய்ப் பேரனைத் தூக்கப் போனார். பாவம், மனசு அப்படி. உயிர் போய் வந்த மாதிரி இருந்திருக்கும்.

"சித்தப்பா, தொடாதீங்க! குளிச்சிட்டு வாங்க!" என்று என் அக்கா மகள் போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. எனக்குக்கூட முதலில் கோபம்தான் வந்தது. பெரியவரை இப்படியா அதட்டுவது?

பிறகு அவள் சொன்னாள். அந்தப் பையன் அடித்தது நரம்பைத் தாக்குகிற பாஸ்பரஸ் வகை மருந்து. அந்த வகையில் பலவற்றை உடைக்க நம் ரத்தத்தில் பாரக்ஸோனேஸ் என்று ஒரு என்ஸைம் இருக்கிறது. 2006ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், நம்மைப் போலக் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே வாழ்கிற தாய்மார்களையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் பரிசோதித்தார்கள். பிறந்த குழந்தைக்கு அந்த என்ஸைம் சராசரியாகத் தாய்க்கு இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். வளர வளரத்தான் கூடும். இரண்டு வயதிலும் பெரியவர்கள் அளவுக்கு வந்திருக்காது. அதோடு, குழந்தைக்குத் தோல் மெல்லிசு, மூச்சு வேகம், கை எந்நேரமும் வாயில்.

நான் தூளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மூடி, மூன்று மூடி என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். அதைத் தாங்குகிற சக்தி வெள்ளை ஈக்கு வருஷா வருஷம் கூடுகிறது. எங்கள் வீட்டிலேயே அந்தச் சக்தி ரொம்பக் குறைவாக உள்ள ஜீவன் தூளிக்குள் விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறது. பரணில் பாட்டில், பக்கத்தில் அரிசி மூட்டை. மருந்துச் சட்டையும் குழந்தைத் துணியும் ஒரே பக்கெட்டில் ஊறுகிறது. வாசக்காலில் கரையானுக்கென்று போன மாசம்தான் அடித்தோம். இத்தனை வருஷம் இதையெல்லாம் நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

மறுநாளே பாட்டில்களைப் பரணிலிருந்து இறக்கி, மோட்டார் ரூமில் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினோம். சாவி என்னிடம். மருந்துத் துணிக்குத் தனி பக்கெட், தனி சோப்பு, தனிக் கொடி. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் பின்வாசல் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மருந்து அளந்த மூடியையோ டம்ளரையோ வீட்டுக்குள் கொண்டுவந்தால் நான் பத்ரகாளி. குழந்தை இருக்கிற அறையில் கொசுவத்திக்கும் ஸ்பிரேக்கும் பதில் வலை. கரப்பானுக்கு ராத்திரி பாத்திரம் கழுவி, தொட்டியைத் துடைத்துக் காய வைத்தாலே பாதி குறைந்துவிடுகிறது. தண்ணீர் இல்லாமல் அது நாள் கடத்தாது.

காய்கறி விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே படிந்த மருந்து, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் கொஞ்சம் போகும். முட்டைக்கோஸில் மேல் இலை இரண்டைக் களைந்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் செடிக்குள்ளேயே ஊடுருவிப் போகிற மருந்து கழுவினால் போகாது. அது உடைய நாள் வேண்டும். அதற்காகத்தான் அடித்து இத்தனை நாள் கழித்துப் பறி என்று லேபிளில் போடுகிறான். விலை ஏறியிருக்கிறது என்று அடித்த மறுநாளே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிற பாவம் எங்கள் பக்கத்திலும் நடக்கிறது, மறைப்பானேன்? எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. இப்போது அடித்த தேதியைக் காலண்டரில் நானே குறித்து வைக்கிறேன்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. வெள்ளை ஈயைத் தின்கிற பொறிவண்டும், அதன் குஞ்சுக்குள் முட்டையிடுகிற குளவியும் தழை தின்று வளர்ந்தவை அல்ல. செடி விஷத்தோடு மல்லுக்கட்டி அவற்றுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. அதனால் அநேகமாக மருந்தில் முதலில் சாவது அவைதான். பத்தாம் நாள் வெள்ளை ஈ இரண்டு பங்காவதில் அந்த ரகசியமும் இருக்கிறது. குச்சிக்கிழங்குக்கே 2020ல் ஒரு புது மாவுப்பூச்சி கேரளாவில் வந்து, பிறகு சேலம், நாமக்கல், நம் தர்மபுரிப் பக்கமெல்லாம் தோட்டம் தோட்டமாகக் கருக்கியதே, நினைவிருக்கிறதா? அதற்கு மருந்து பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பெங்களூர் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் 2021ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கொசுவைவிடச் சின்னது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளே இருந்தே தின்று தீர்த்துவிடுகிறது. அதை எந்த என்ஸைம் உடைக்கும்?

தேனீயும் இந்தப் பட்டியலில் சேர்த்திதான். அதன் 46 வகையும் சரியாக வேலை செய்ய மகரந்தத்திலும் தேனிலும் உள்ள ஒரு பொருள் தூண்டிவிட வேண்டும் என்று 2013ல் கண்டார்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீர் வைத்து வளர்க்கிற தேனீக்கு அது கிடைக்காது. மா பூக்கிற தை, மாசியில் மருந்து அடிப்பதாக இருந்தால் சாயங்காலம் தேனீ கூடு திரும்பின பிறகு அடியுங்கள் என்று வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். காய் பிடிக்க அது வேண்டும்.

என் வீட்டுக்காரர் மருந்தை அடியோடு விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் லேபிளில் போட்ட ஒரு மூடிக்கு மேல் ஊற்றுவதில்லை. இரண்டு மருந்தைக் கலப்பதில்லை. ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், வேறு விதமாகக் கொல்கிற வகையை மாற்றி அடிக்கிறார். இலையைத் திருப்பிப் பார்த்து எண்ணிக்கை பார்க்காமல் டாங்கைத் தூக்குவதில்லை. நாற்றங்காலுக்கு நைலான் வலை கட்டினார். இலைச்சுருட்டை வந்த செடியைக் கண்டதும் பிடுங்கிவிடுகிறார். போன போகத்தில் எட்டுத் தடவை அடித்தவர் இந்தப் போகத்தில் மூன்று.

வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் என்றால் பித்து. பழைய எண்ணெய் டின்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, மேலே விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குக் கம்பு நட்டுக் கவிழ்த்து வைத்தேன். மொத்தம் ஒன்பது டின். "இதுல போயி பூச்சி ஒட்டுமா?" என்று சிரித்தவர், இப்போது காலையில் காபிகூடக் குடிக்காமல் போய் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை டின்களைத் துடைத்து மறுபடி எண்ணெய் தடவுவது என் வேலை. அப்படித் துடைக்கும்போது ஒன்றை விரலில் எடுத்துப் பார்த்தேன். அரிசிக் குருணையில் கால்வாசி இருக்காது. அன்றைக்குச் செவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே பூச்சிதான்.